மருந்துக்குக் கேட்காத வயிற்றுக் கிருமிகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக் வாங்கிலும் பாமசி வாசலிலும் பாலர் பாடசாலைக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். பாடப்புத்தகம் நுண்ணுயிர்க்கொல்லி என்று சொல்வதை, எல்லோரும் சொல்வதுபோல அன்டிபயோட்டிக் என்றே எழுதியிருக்கிறோம். உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

1. புள்ளைக்கு வயித்தால போகுது. உடனே அன்டிபயோட்டிக் குடுத்தா என்ன பிழை?

சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீராகப் போகும் வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் போன்றவை. அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் குறைந்தால் மருந்து வேலை செய்தது என்று நினைக்கிறோம். அது மருந்தில்லாமலும் அன்றைக்குக் குறைந்திருக்கும்.

குடலில் கோடிக்கணக்கான நல்ல பக்டீரியாக்கள் இருக்கின்றன. தேவையில்லாமல் கொடுத்த மருந்து முதலில் அவற்றைத்தான் அடிக்கும். சில அன்டிபயோட்டிக்குகள், குறிப்பாக அமொக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து, தாமே வயிற்றோட்டத்தைக் கூட்டும். மருந்துக்குச் சாகாமல் தப்பியவை மிஞ்சி, வெறுமையான இடத்தில் பெருகும்.

2. அப்ப எந்த வயித்தோட்டத்துக்குத்தான் அன்டிபயோட்டிக் வேணும்?

மலத்தில் இரத்தம் தெரியும் வயிற்றுளைவுதான் முதலாவது. காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீதமும் இரத்தமும், போய் வந்த பிறகும் முக்கிக்கொண்டிருப்பது. இதற்கு முக்கிய காரணம் ஷிகெல்லா என்ற பக்டீரியா. இரண்டாவது நெருப்புக்காய்ச்சல். அதைத் தருவது சல்மொனெல்லா டைஃபி. நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சலே அதன் முகம். வயிற்றோட்டம் இல்லாமலும், சில வேளை மலச்சிக்கலோடும் வரும். கடுமையான வாந்திபேதிக்கும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கும் வைத்தியரின் கணக்கு வேறு.

உணவு நஞ்சாவதால் வரும் சாதாரண சல்மொனெல்லாவுக்கு, மற்றப்படி சுகமாக உள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் அன்டிபயோட்டிக் தேவைப்படாது. கொடுத்தால் கிருமி மலத்தில் இன்னும் அதிக நாள் வெளியேறவும் கூடும்.

3. "மருந்துக்குக் கேக்காத கிருமி" எண்டு டொக்டர் சொன்னார். என்ட புள்ளையிட உடம்பு மருந்துக்குப் பழகிட்டா?

இல்லை. பழகியது கிருமி, பிள்ளையின் உடம்பு அல்ல. இந்தக் குழப்பம் எல்லாரிடமும் இருக்கிறது, அதனால்தான் "என் பிள்ளை இதுவரை அன்டிபயோட்டிக்கே குடிக்கவில்லை, அவனுக்கு வராது" என்றும் நம்புகிறார்கள். வரும். பக்கத்து வீட்டில், பக்கத்து நாட்டில், எங்கோ ஒரு குடலில் எதிர்ப்பு பெற்ற கிருமி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்து, மருந்தே தொடாத பிள்ளையின் வயிற்றிலும் இறங்கும். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். கழுவாத ஒரு விரல் நுனி அதைவிட அதிகமாகச் சுமக்கும்.

4. ஒரு கிருமிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வருது?

இரண்டு வழி. ஒன்று, பெருகும்போது தற்செயலாக வரும் மாற்றம். சிப்ரோஃப்ளொக்சசின், பக்டீரியாவின் மரபு இழையை முறுக்கி அவிழ்க்கும் நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து. அந்த நொதியில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் மருந்து சரியாக ஒட்டாது. இரண்டாவது மாற்றமும் சேர்ந்தால் அறவே ஒட்டாது. நாலிடிக்சிக் அமிலம் என்ற பழைய மருந்தின் கதை இதுதான். வயிற்றுளைவுக்கு அதைக் கொடுத்துக் கொடுத்தே முதற்படி ஏறிவிட்டது. அதே படியில் நின்றுதான் சிப்ரோவுக்கும் எதிர்ப்பு வளர்கிறது. 2005 இல் உலக சுகாதார நிறுவனம் நாலிடிக்சிக் அமிலத்தை வயிற்றுளைவுச் சிகிச்சையிலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொரு வழி கடன் வாங்குவது. எதிர்ப்புக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையங்களில் இருக்கும். ஒரு பக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி நின்று அந்த வளையத்தின் பிரதியைக் கொடுத்துவிடும், இனம் வேறாக இருந்தாலும். 1950களில் ஜப்பானில் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்குக் கேட்காத ஷிகெல்லா பரவியது. குடலில் சாதாரணமாக வாழும் ஈ. கோலையும் ஷிகெல்லாவும் இந்த எதிர்ப்பைத் தங்களுக்குள் கைமாற்றுகின்றன என்று 1959 இல் அங்கேயே கண்டுபிடித்தார்கள். சளிக்கும் தடிமனுக்கும் கொடுத்த அன்டிபயோட்டிக் வயிற்றுக் கிருமியை ஏன் பாதிக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது: தொண்டைக்குக் குடித்த மருந்தும் குடல் வழியாகத்தான் போகிறது, அங்கே தப்பிய ஈ. கோலை வளையத்தோடு காத்திருக்கிறது.

2024 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிப் பட்டியலில், சிப்ரோ வகைக்கு எதிர்ப்புள்ள ஷிகெல்லாவும் நெருப்புக்காய்ச்சல் கிருமியும் "உயர்" வரிசையில் இருக்கின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய நெருப்புக்காய்ச்சலில் வாயால் கொடுக்கக்கூடியதாக மிஞ்சியது கிட்டத்தட்ட அசித்ரோமைசின் ஒன்றுதான்.

5. போன முறை மூத்தவனுக்குத் தந்த பாணி மருந்து ஃபிரிஜ்ஜில பாதி கிடக்கு. இளையவளுக்குக் குடுக்கலாமா?

வேண்டாம். தூளாக வந்து தண்ணீர் விட்டுக் கலக்கும் அன்டிபயோட்டிக் பாணி, கலக்கிய நாளிலிருந்து 7 முதல் 14 நாள்வரைதான் பலத்தோடு இருக்கும். போத்தலில் எழுதியிருக்கும். அதன் பிறகு நிறமும் மணமும் மாறாவிட்டாலும் மருந்து சிதைந்துவிடும். பலம் குறைந்த மருந்தில் கிருமி சாகாது, பழகும்.

அளவும் பிழைக்கும். பிள்ளைகளுக்கு மருந்து நிறைக்குக் கணக்கிடப்படுகிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 8 கிலோ பிள்ளைக்கு 120, 16 கிலோ பிள்ளைக்கு 240. அதே கரண்டி இருவருக்கும் ஒத்துவராது. வீட்டுத் தேக்கரண்டிகளோ ஒன்று 3 மில்லிலீற்றர் பிடிக்கும், இன்னொன்று 6 பிடிக்கும். மருந்தோடு தரும் 5 மில்லிலீற்றர் கரண்டியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் அளவு.

புதிதாகக் கலக்கும்போது: மூடியைத் திறக்குமுன் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்தாறிய தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் கோடுவரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரையைக் கோடாக எடுத்துக்கொண்டால் தண்ணீர் குறைந்து மருந்து தடித்துவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கியே ஊற்ற வேண்டும்; இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கட்டியும்தான் பிள்ளைக்குப் போகும்.

6. பாமசியில பிளாஜில் தாறாங்க. அதைக் குடுத்தா நிண்டிரும் எண்டுறாங்களே?

பிளாஜில் எனப்படும் மெட்ரோனிடசோல், அமீபா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகளுக்கானது. ஷிகெல்லா, சல்மொனெல்லா, நெருப்புக்காய்ச்சல் எதற்கும் அது வேலை செய்யாது. சின்னப் பிள்ளைகளின் இரத்த வயிற்றுளைவில் அமீபாவைவிட ஷிகெல்லாவே மிக அதிகம். ஆகவே பிளாஜிலோடு காத்திருக்கும் இரண்டு நாளும் வீணாகிறது.

அன்டிபயோட்டிக் வைத்தியரின் துண்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்து. துண்டு இல்லாமல் கேட்காதீர்கள். லோபெரமைட் போன்ற "கட்டுற" குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் அசைவை நிறுத்தினால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும்.

ஒரு வேண்டுகோள். தனியார் டிஸ்பென்சரியில் பெயரில்லாத பேப்பர் உறையில் குளிசை தந்தால், மருந்தின் பெயரை உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த நாள் பிள்ளையை வாட்டில் மறிக்க வேண்டி வந்தால், "வெள்ளைக் குளிசை" என்ற தகவலை வைத்து எந்த வைத்தியராலும் அடுத்த மருந்தைத் தெரிவுசெய்ய முடியாது.

7. ஜீவனி குடுக்கிறம், வயித்தோட்டம் நிக்கல்லையே?

பக்கெட்டில் வரும் உப்பு, சீனித் தூளான ஜீவனி வயிற்றோட்டத்தை நிறுத்துவதற்கல்ல. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பி வைப்பதற்கு. பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமியல்ல, வற்றுதல். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பக்கெட்டில் 1 லீற்றர் என்று எழுதியிருந்தால், கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நல்ல அளவு. கொஞ்சத் தூளைக் கொஞ்சத் தண்ணீரில் கரைப்பது பெரிய பிழை: உப்புக் கூடினால் வற்றல் மோசமாகும். சீனி, தேசிக்காய், பால் எதுவும் சேர்க்க வேண்டாம். 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிடுங்கள். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒவ்வொரு முறை போனபின் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200. வெள்ளத்தில் கடை பூட்டி பக்கெட் கிடைக்காத நேரத்தில் 1 லீற்றருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

இதோடு துத்தநாகமும் கேளுங்கள். 6 மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்தவர்களுக்கு 10, 10 முதல் 14 நாள். வயிற்றோட்டம் நின்றாலும் தொடர வேண்டும்.

8. குடிச்ச உடனே சத்தி எடுக்கிறான். எப்பிடிக் குடுக்கிற?

10 நிமிடம் பொறுங்கள். பிறகு 2, 3 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. போச்சியில் கொடுத்தால் மடமடவென்று குடித்து மறுபடி எடுப்பான், கோப்பையும் கரண்டியும்தான் நல்லது. சத்தி எடுத்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். கரண்டியால் கொடுத்தும் தங்கவே இல்லை என்றால் வைத்தியசாலை.

9. இளநீர் குடுத்தாப் போதாதா? வயிறு காயட்டும் எண்டு உம்மா சாப்பாட்டை நிப்பாட்டச் சொல்றா.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வயிற்றோட்டத்தில் அதிகம் போவது சோடியம். ஆகவே ஜீவனியோடு கொடுக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல.

வயிற்றைக் காயப்போடக் கூடாது. தாய்ப்பாலை வழமையைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். உப்புப் போட்ட கஞ்சி, குழைத்த சோறும் பருப்பும், வாழைப்பழம், அவித்த முட்டை, மீன் எல்லாம் கொடுக்கலாம். திட உணவு சாப்பிடத் தொடங்கிய பிள்ளைக்கு நல்ல எருமைத் தயிரும் சேரும், ஆனால் அது ஷிகெல்லாவைக் கொல்லும் மருந்தல்ல. சோடாவும் பக்கெட் ஜூஸும் வேண்டாம். அந்தச் சீனி குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்.

10. மலம் டெஸ்ட் எப்பிடி எடுத்துக் குடுக்கிற? மருந்து தொடங்கினபிறகு எடுத்தாச் சரியா?

முதல் வேளை அன்டிபயோட்டிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும். ஒரு வேளை மருந்து போனாலும் கிருமி வளராமல் போகலாம். ரிப்போட்டில் ஒன்றும் இல்லை என்று வரும், பிள்ளைக்கோ காய்ச்சல் நிற்காது.

வைத்தியசாலை தரும் மூடியுள்ள காய்ந்த போத்தலில், சிறுநீர் கலக்காமல், சீதமோ இரத்தமோ உள்ள பகுதியாகப் பார்த்து ஒரு கச்சான் கொட்டை அளவு போதும். பம்பர்ஸ் உறிஞ்சிய பிறகு சுரண்டி எடுப்பது உதவாது. 2 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஷிகெல்லா வெளியில் சீக்கிரம் செத்துவிடும். தூர இடங்களிலிருந்து வருபவர்கள் வீட்டில் எடுத்துவராமல் வைத்தியசாலையிலேயே எடுப்பது நல்லது. வளர்ப்புச் சோதனை முடிவு வர 2 முதல் 3 நாள் ஆகும். அதுவரை வைத்தியர் அனுமானத்தில் ஒரு மருந்தைத் தொடங்கலாம், ரிப்போட் வந்ததும் மாற்றலாம். மாற்றுவதால் முதல் மருந்து பிழை என்று அர்த்தமில்லை.

11. ஏபிஎஸ்டி ரிப்போட்டில ஜென்டாமைசினுக்கு "எஸ்" எண்டு இருக்கு. வேலை செய்யிற மருந்தை ஏன் தரல்ல?

ஏபிஎஸ்டி என்பது எந்த அன்டிபயோட்டிக்குக்குக் கிருமி சாகும் என்று பார்க்கும் சோதனை. "எஸ்" என்றால் அந்தக் கிருமி ஆய்வுகூடத் தட்டில் அந்த மருந்துக்குச் சாகிறது. "ஆர்" என்றால் சாகவில்லை. ஆனால் பிள்ளையின் குடல் தட்டல்ல. ஷிகெல்லா குடற்சுவரின் கலங்களுக்குள் புகுந்து வாழும், நெருப்புக்காய்ச்சல் கிருமி இரத்தத்தின் வெள்ளைக் கலங்களுக்குள் ஒளியும். ஜென்டாமைசின் கலத்துக்குள் நன்றாகப் போகாது. செஃபலெக்சின் போன்ற பழைய செஃபலோஸ்போரின்களும், ஷிகெல்லாவில் அமொக்ஸிசிலினும் அப்படித்தான்: தட்டில் வென்று, பிள்ளையில் தோற்கும். அதனால்தான் சிப்ரோ, அசித்ரோமைசின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி என்று ஒரு சின்னப் பட்டியலுக்குள்ளேயே வைத்தியர்கள் நிற்கிறார்கள். பட்டியல் சின்னது என்பதுதான் எங்களுக்கு இருக்கும் கவலை முழுவதும்.

12. மருந்து தொடங்கி ரெண்டு நாள். இன்னும் ரத்தம் போகுது. கூடப் பொறுக்கலாமா?

வயிற்றுளைவில் 48 மணித்தியாலம்தான் கணக்கு. காய்ச்சல் இறங்க வேண்டும், இரத்தம் குறைய வேண்டும், போகும் தடவை குறைய வேண்டும், சாப்பாட்டில் மனம் வர வேண்டும். ஒன்றுமே மாறவில்லை என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, மருந்துப் போத்தலோடு திரும்பிப் போங்கள். நெருப்புக்காய்ச்சல் அப்படியல்ல. சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க 4, 5 நாள் எடுக்கும், மூன்றாம் நாளே வைத்தியரை மாற்ற வேண்டாம்.

13. ரெண்டாம் நாளே சுகமாயிட்டு. மிச்சத்தை நிப்பாட்டலாமா?

சொன்ன நாள்வரை கொடுங்கள். வயிற்றுளைவுக்கு இப்போது நாள் குறைவு, சிப்ரோ என்றால் வழமையாக 3 நாள்தான். நெருப்புக்காய்ச்சலில் இடையில் விட்டால் இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சல் திரும்ப வரும். அதேபோல "இன்னும் ரெண்டு நாள் கூடக் குடுப்பம்" என்பதும் பிழை. கூடும் ஒவ்வொரு நாளும் குடலில் எதிர்ப்புள்ள கிருமிக்குத்தான் லாபம். ரிப்போட் பார்த்து வைத்தியரே நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

14. அன்டிபயோட்டிக்குக்கே சாகாததெண்டா, சவக்காரத்துக்கும் சுடுதண்ணிக்கும் சாகுமா?

சாகும். இதைவிட நல்ல செய்தி இந்தப் பக்கத்தில் வேறில்லை. மருந்துக்கான எதிர்ப்பு சூட்டுக்கோ குளோரினுக்கோ சவர்க்காரத்துக்கோ எதிர்ப்பல்ல. தண்ணீர் குமிழி விட்டுத் தளதளவென்று கொதித்த பின் 1 நிமிடம் போதும். அதே பானையில் மூடி ஆறவிட்டு, கோப்பையை உள்ளே அமிழ்த்தாமல் ஊற்றி எடுங்கள். பிள்ளையின் மலம் தூய்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். அதில்தான் கிருமி அதிகம். முற்றத்தில் வீசாமல் கக்கூசில் கொட்டி, கழுவியவரின் கையைச் சவர்க்காரத்தால் 20 விநாடி தேய்க்க வேண்டும். வயிற்றோட்டம் நின்று 48 மணித்தியாலம் போகும்வரை பாலர் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம்.

15. எங்கட கிணறு தெளிவாத்தானே கிடக்கு?

தெளிவு ஒன்றையும் சொல்லாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள எங்கள் மணல் நிலத்தில் தண்ணீர் மேலேயே கிடக்கும், மணலோ எளிதில் கசியவிடும். மார்கழி மாரியில் நிலத்தடி நீர் ஏறி மலக்குழியைத் தொட்டால், அதே நீர்தான் கிணற்றிலும். குழிக்கும் கிணற்றுக்கும் 15 மீற்றர், ஏறக்குறைய 50 அடி வேண்டும். நெருக்கமான வளவுகளில் அது கிடைப்பதில்லை, ஆகவே குடிப்பது கொதிக்கவைத்ததாகவே இருக்கட்டும். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்டுத் தரப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். போடும் அளவு கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் பொறுத்தது, கண்மதிப்பில் போடுவதல்ல.

வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்கள். வைத்தியசாலையிலிருந்து தகவல் போனபின் பரிசோதகர் வீட்டுக்கு வருவது குற்றம் பிடிக்க அல்ல, அடுத்த பிள்ளைக்கு வராமல் கிணற்றையும் கக்கூசையும் பார்க்க.

16. வீட்டில ஒருவனுக்கு வந்திட்டு. மத்தப் புள்ளைகளுக்கும் முன்கூட்டியே மருந்து குடுக்கவா?

வேண்டாம். நோயில்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து 1 ஆம், 4 ஆம் பதில்களில் சொன்னதையே செய்யும். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை தனிக் கோப்பை, சவர்க்காரம், நோயுற்ற பிள்ளையைக் கழுவியவர் சமைக்காமல் இருப்பது. ஷிகெல்லாவுக்குப் பாவனையில் தடுப்பூசி இன்னும் இல்லை. நெருப்புக்காய்ச்சலுக்கு உண்டு.

17. இவ்வளவும் கேட்டு வீட்டில வெச்சிருந்து புள்ளைக்கு ஏதும் நடந்தா?

வீட்டில் வைத்திருக்கச் சொல்லவில்லை, துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பின்வருவதில் ஒன்றிருந்தாலும் உடனே கொண்டுபோங்கள்: மலத்தில் இரத்தம், கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல், குடிக்க முடியாத சோர்வு, வலிப்பு, வயிறு ஊதுதல், பச்சையாகச் சத்தி. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே போதும். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போகும் வழியிலும் ஜீவனியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இரத்தம் போன பிள்ளை சில நாளில் வெளிறி, சிறுநீர் குறைந்து, முகம் வீங்கினால் தாமதிக்கவே கூடாது. சில ஈ. கோலை வகைகளின் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த வகைக்கு அன்டிபயோட்டிக் கொடுப்பது ஆபத்தைக் கூட்டலாம் என்பதும், இரத்தத்தைக் கண்டு தாமாக மருந்து தொடங்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம்.

18. புள்ளை சுகம். ஆனா ரிப்போட்டில "ஈஎஸ்பிஎல்" எண்டு எழுதியிருக்கு. அதை மருந்து குடுத்து அழிக்கலாமா?

ஈஎஸ்பிஎல் என்பது செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளை வெட்டிப்போடும் நொதி. அதைக் கொண்ட ஈ. கோலை, நோயெதுவும் தராமல் பல பிள்ளைகளின் குடலில் இருக்கும். நோயில்லாவிட்டால் சிகிச்சை இல்லை. கொடுத்தால் அதோடு இடத்துக்குப் போட்டியிடும் நல்ல பக்டீரியாக்கள் செத்து, அது இன்னும் பரவும். அன்டிபயோட்டிக் இல்லாமல் விட்டால் பல பிள்ளைகளில் மாதக்கணக்கில் தானாகக் குறைந்துவிடும்.

ஆனால் மறக்கக் கூடாது. அந்த ரிப்போட்டின் பிரதியை, தடுப்பூசி பதியும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் வையுங்கள். அடுத்த முறை காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்து வாட்டில் மறித்தால், முதல் மருந்தை எழுதுமுன் டொக்டர் பார்க்க வேண்டிய தாள் அது.